கைப்பிடி இல்லாத மலை

எங்கள் மாமா எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மாடிப்படியைத்தான் பார்ப்பார். மனிதர்கள் அப்புறம்தான். மாமா என்றால் அக்கா புருஷன். ஒரு கட்டட வரைபட ஆபீஸில் பதினோரு வருடமாக மாடிப்படி மட்டும் வரைகிறார். வீடு, கடை, ஆஸ்பத்திரி என எது வந்தாலும் சுவரையும் ஜன்னலையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள், படி மட்டும் இவர் மேசைக்கு வந்து சேரும். ஒரு படி ஆறு அங்குல உயரம், பத்து அங்குல அகலம். பன்னிரண்டு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்க ஒரு லேண்டிங். ஓரமாக இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நான் எழுப்பிக் கேட்டிருக்கிறேன். சொன்னார்.

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, என்ன பேசப்போகிறார் என்று குடும்பமே வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தண்ணீரைக் குடித்தார். டம்ளரை வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"உங்க வீட்டு ஒம்பதாவது படி அரை அங்குலம் கம்மியா இருக்கு. பாத்து ஏறுங்க" என்றார்.

அப்பா திருதிருவென்று விழித்தார். அக்கா உள்ளே வந்து என் காதில் சொன்னாள்: "இவரு போதும்டி எனக்கு."

கல்யாணம் ஆகி அவர்கள் குடிபோனது மூன்றாவது மாடி. பழைய கட்டடம், எழுபத்திரண்டு படி, கைப்பிடி கிடையாது. போன வருடம் காய்கறிப் பையோடு இறங்கும்போது, இரண்டாவது மாடிக்குக் கீழே வரும் திருப்பத்தில் அக்கா வழுக்கி விழுந்தாள். மூன்று மாதம் அப்போது. அக்கா எழுந்துவிட்டாள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை.

அந்த நேரத்தில் மாமா ஆபீஸில் இருந்தார். வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் மேனேஜரின் இழுப்பறையில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவருக்குத் தகவல் போக இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு பெரிய கடைக்கு அழகான வளைவுப் படி வரைந்துகொண்டிருந்தாராம்.

அடுத்த வாரமே மாமா வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டார். ஒரு வெல்டரைக் கூட்டி வந்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை. தரையிலிருந்து மூன்றாவது மாடி வரை இரும்புக் குழாயில் கைப்பிடி, நாலடிக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு நாலு போல்ட். இப்போது மற்ற வீட்டுக்காரர்கள் அதில் துணி காயப் போடுகிறார்கள். மாமா சண்டைக்குப் போகமாட்டார். துணியை எடுத்து, மடித்து, அவரவர் வாசலில் வைத்துவிட்டு ஏறுவார். முதல் மாடிக்காரம்மா இஸ்திரியும் போட்டுத் தருவாரா என்று கேட்டாராம்.

இந்த வருடம் அக்கா மறுபடி உண்டானாள். நாலாம் மாதமே டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: படுத்தே இருக்கணும், படி இறங்கக் கூடாது. அந்த டாக்டரம்மா அடுத்த தெருதான் என்பதால் மாதம் ஒரு முறை அவரே மேலே ஏறி வந்து பார்த்தார். வரும்போதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே கைப்பிடியைப் பாராட்டுவார். மாமா ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி தரையைப் பார்ப்பார்.

துணைக்கு என்னை அனுப்பினார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு என்னை இரண்டு முறை தோற்கடித்திருந்ததால் எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. முதல் வாரமே மாமாவின் அளவு டேப்பை எடுத்துவிட்டுத் தையல்காரர் டேப்பை அவர் பையில் வைத்தேன். அவர் அதையும் வைத்து ஒரு படியை அளந்துவிட்டு வந்து, "நல்ல டேப்பும்மா, வளையுது" என்றார். இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித்தான் குறும்பு செய்வது?

அக்காவின் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகத் தெரிவது எதிர்க் கட்டடச் சுவரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். ஒரு நாள் அவள் போனைப் பார்த்தபடியே கத்தினாள்.

"ஏங்க! இங்க வாங்க. வீட்லேருந்தே வேலையாம். கேமுக்குப் படம் வரையணுமாம். உங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு."

மாமா ஆபீஸ் தாள்களின் பின்பக்கம் மலை, கடல், துறைமுகம் என்று வரைவார். யாரிடமும் காட்டமாட்டார். அக்கா மட்டும் எடுத்து ஒளித்து வைப்பாள்.

அறிவிப்பைக் கொடுத்தது ஒரு சின்ன கம்பெனி. இன்னும் செய்யாத கேம் அது. உருண்டையாக, இரண்டே கால் உள்ள ஒரு பொடி உருவம். இடது ஓரத்தில் கிளம்பி, மேடைக்கு மேடை தாவி, பள்ளத்தில் விழாமல் வலது ஓரம் போய்ச் சேர வேண்டும். முதல் லெவல் துறைமுகம், அடுத்தது காடு, கடைசி மலை. மூன்றுக்கும் காட்சி வரைந்து வாரத்துக்கு ஒன்றாக அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வேலை. ஒரே ஒரு நிபந்தனை: பார்த்த உடனே எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரிய வேண்டும்.

மாமா அதை மூன்று தடவை படித்தார். "எட்டாம் மாசத்துக்குள்ள நான் வீட்ல இருக்கணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் கம்ப்யூட்டரில் படம் வரைவதற்கான பலகை ஒன்றைப் பழசாக வாங்கி வந்தார். நான் அதன்மேல் தக்காளி நறுக்கிவிட்டதாகச் சொன்னேன். அப்போதுதான் அந்த மனிதர் முகம் மாறி நான் பார்த்தேன். சும்மா சொன்னேன் என்று உடனே சொல்லிவிட்டேன்.

காலையில் ஆபீஸ் போகுமுன் ஒரு மணி நேரம், மாலையில் வந்ததும் இரண்டு மணி நேரம் வரைவார். கம்ப்யூட்டர் கட்டிலைப் பார்த்தபடி இருக்கும். பரீட்சித்துப் பார்ப்பது அக்கா வேலை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அவளுக்கு இரண்டு கால். திரையின் இடது ஓரத்தில் விரல்களை நிற்க வைத்து டொக் டொக்கென்று நடத்துவாள், மேடை வந்தால் தாவுவாள். விரல் நிற்க இடம் இருந்தால் அது மேடை, வழுக்கினால் பள்ளம். மாதக்கணக்கில் படுத்திருக்கும் பெண் தினமும் துறைமுகம் போய் வந்தாள்.

துறைமுகம் என்றால் சாதாரணத் துறைமுகமா! அடுக்கி வைத்த பெட்டிகள், உயரத்தில் தொங்கும் கொக்கிகள், வலைகளுக்கு நடுவே காலை வெயில். பார்த்தால் உப்புக் காற்று அடிக்கும். நான் கீழே தண்ணீரில் திருட்டுத்தனமாக ஒரு முதலை வரைந்து வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் முதலையைச் சுற்றி ஒரு வேலி.

"மாமா, முதலைக்கு எதுக்கு வேலி?"

"அது பாட்டுக்கு எங்கயாவது போய் அடிபட்டுட்டா?"

அக்கா சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க ரெண்டு பேரும், உள்ள ஒருத்தர் உதைக்கிறாரு."

படம் போயிற்று. கம்பெனியில் பதில் எழுதியது ஓர் அம்மா. ஒரே வரி: "அழகு. ஆனால் இதில் யாருமே குதிக்க வேண்டாமே?"

உண்மைதான். நாங்கள் மூவரும் மறுபடி பார்த்தோம். பெட்டிகளெல்லாம் ஒரே அளவாக ஏறின. உருண்டையின் கால் நீளத்தை அளந்து, அதற்கு ஏற்ற உயரத்தில் ஒவ்வொரு பெட்டியையும் வைத்திருந்தார் மாமா. பன்னிரண்டு பெட்டிக்கு ஒரு லேண்டிங். ஓரமெல்லாம் கயிற்றில் கைப்பிடி. உருண்டை டீ குடித்துக்கொண்டே நடந்து போகலாம்.

"பள்ளம் வேணும் மாமா. விழணும். விழுந்தாதான் கேம்."

"விழணுமா?" என்றார். எனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று சோதிப்பதுபோல் பார்த்தார்.

காடு வந்தது. மரத்துக்கு மரம் பள்ளம் வைத்தார், பாவம், மனதைக் கல்லாக்கிக்கொண்டு. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலே ஒரு பலகை, பலகைக்கு இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் கொடி. நாலடிக்கு ஒரு காளான், நட்டு வைத்த கம்பம் மாதிரி. பதில் மறுநாளே வந்தது: "கொடிகூடக் கைப்பிடியா?"

அந்த அம்மாவுக்கு அக்கா ஒத்தவரி அம்மா என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்தாளே தவிர, முகம் வாடிப்போயிருந்தது. இனி ஒரே ஒரு படம். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆபீஸில் மாமா லீவு கேட்டதற்கு, குழந்தை பிறந்த அன்று அரை நாள் தருவதாக மேனேஜர் பெரிய மனது பண்ணியிருந்தார்.

மலையை மாமா ஒரு வாரம் முழுக்க வரைந்தார். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். அன்று காலை கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"வாலு, படம் முடிஞ்சுது. பதினோரு மணிக்கு அனுப்பிடு. எதையும் தொடாத."

"எதையும் தொடாம எப்படி மாமா அனுப்பறது? ஊதி விடவா?"

"அனுப்புற பட்டனத் தொடலாம்" என்று ரொம்ப யோசித்து அனுமதி கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

கம்ப்யூட்டரில் படத்தை ஒரே தாளில் வரைவதில்லை. கண்ணாடித் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு லேயர். மாமா எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியிருந்தார்: வானம், மேகம், பாறை, படி, கைப்பிடி. பக்கத்தில் ஒரு சின்னக் கண். அதை அழுத்தினால் அந்த லேயர் மறைந்துவிடும்.

மலை அபாரமாக வந்திருந்தது. மேகத்துக்குள் ஏறும் பாறை, விளிம்பில் ஒட்டிக்கொண்ட மஞ்சள் புல், உச்சியில் ஒரு விளக்கு. அதன் மேலெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி பளபளவென்று கைப்பிடி. ஒத்தவரி அம்மாவின் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று எனக்கே தெரிந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த கண்ணை மூடினேன்.

மலை சட்டென்று மலையாகிவிட்டது. கீழே பார்த்தால் உள்ளங்கால் கூசியது. இதுதான் கேம், வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன். அனுப்பியும் விட்டேன். அனுப்பிவிட்ட கர்வத்தோடு திரையை அக்கா பக்கம் திருப்பினேன்.

"எங்க, ஏறு பாப்போம்."

அக்கா விரல்களை வைத்தாள். நடந்தாள், தாவினாள், இன்னொரு தாவல். பாறை திரும்பும் இடத்தில் விளிம்பில் விரல்கள் நின்றன. அடுத்த அடி வைக்கவில்லை. மெல்லக் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"கைப்பிடி எங்கடி?"

"எடுத்துட்டேன்கா. அப்பதான் வேலை கிடைக்கும்."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவரு வந்ததும் நீயே சொல்லிடு" என்றாள். அந்தத் திருப்பம் எதைப் போல வரையப்பட்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுபத்திரண்டு படியைத் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிற கழுதைக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

மாலையில் சொன்னேன். மாமா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு ஷூ கையில் இருந்தது.

"எத்தன மணிக்கு அனுப்பின?"

"பதினொண்ணே காலுக்கு."

தலையாட்டினார். ஒற்றை ஷூவோடு வெளியே போனார். நான் எட்டிப் பார்த்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து, கம்பத்தில் கை வைத்து, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். கைப்பிடியின் கண்ணைத் திறந்தார். மெயில் எழுத ஆரம்பித்தார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். காலையில் வந்த படம் தவறு, அதைத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம், இத்துடன் இருப்பதே நான் வரைந்த படம்.

"மாமா, வேணாம். வேலை போயிடும்."

"போகட்டும்."

"அக்காவுக்காகவாவது..."

"அவளுக்காகத்தான். என் பேர்ல கைப்பிடி இல்லாத ஒரு படி வெளிய போகக் கூடாதும்மா."

"அனுப்புங்க" என்றாள் கட்டிலிலிருந்து அக்கா, சுவர்ப் பக்கமிருந்தே.

அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நான் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஒத்தவரி அம்மாவிடமிருந்து அரை வரிகூட இல்லை. மாமா வழக்கம்போல ஆபீஸ் போனார், துணிகளை மடித்து வைத்தார். இரவுச் சாப்பாட்டின்போது அக்காவிடம், பக்கத்துக் கடைக்காரரின் போன் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டலாமா, அவசரம் என்றால் அவர் ஆபீஸுக்கு வண்டியில் வந்து சொல்வாரா என்று திட்டம் போட்டார். "போட்டுக்கலாம்" என்றாள் அக்கா. இருவரும் தட்டைப் பார்த்துப் பேசினார்கள்.

புதன்கிழமை பதில் வந்தது. அதே ஒற்றை வரி.

"முதலில் வந்த படத்தில், பாறை விளிம்பில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கின்றனவே, அவை எதற்கு?"

எங்களுக்குப் புரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். இருந்தன. நாலடிக்கு ஓர் இடம், இடத்துக்கு நாலு துளை. கைப்பிடிக் கம்பத்துக்கான போல்ட் துளைகள். கம்பத்துக்கு அடியில் மறைந்துபோகும், யார் கண்ணிலும் படாது என்று தெரிந்தே, மாமா பாறை லேயரில் ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார். கைப்பிடியை நான் மறைத்தபோது துளைகள் மட்டும் மலையில் மிச்சம் நின்றன.

"யாரும் பாக்காத இடத்துல எதுக்கு மாமா வரைஞ்சீங்க?"

"துளை இல்லாம கம்பம் எப்படிம்மா நிக்கும்?" என்றார், நிஜமான குழப்பத்தோடு.

அதையேதான் அந்த அம்மாவுக்கும் எழுதினார். பத்து நிமிடத்தில் போன் அடித்தது. மாமா பதறி ஒலிபெருக்கியை அழுத்திவிட்டதால் நாங்களும் கேட்டோம். எழுதும்போது கஞ்சமாக இருந்த அம்மா பேசும்போது நிறுத்தவே இல்லை.

"சார், ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நாலு நாளா பாக்குறேன். ஒண்ணுல ஏற பயமா இருக்கு. இன்னொண்ணுல ஏற ஆசையா இருக்கு. அந்தத் துளையப் பாத்ததும்தான் புரிஞ்சுது. உருண்டை மொதல்ல கைப்பிடி இல்லாத மலையில ஏறட்டும். ஏறிக்கிட்டே ஒவ்வொரு துளையிலயும் ஒரு கம்பம் நட்டுக்கிட்டே போகட்டும். பின்னாடி குட்டிங்க வரிசையா வரும், அதப் புடிச்சுக்கிட்டு. இதான் சார் எங்க கேம். இது வரைக்கும் எங்களுக்கே தெரியல. கைப்பிடிய யாரு எடுத்தது?"

"என் மச்சினி. தெரியாம எடுத்துட்டா" என்றார் மாமா.

"தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றேன்.

"ரெண்டு பேருமே பொய் சொல்லல" என்றாள் அக்கா கட்டிலிலிருந்து.

அந்தப் பக்கம் அந்த அம்மா சிரித்தார். முதலில் ஆறு மாதத்துக்கு வேலை, வீட்டிலிருந்தே, அடுத்த மாதம் தொடக்கம் என்றார். மாமா, "சரிங்க. அந்தக் கம்பத்துக்குக் கீழ போல்ட் முறுக்கறதும் காட்டணும்" என்றார். நன்றி சொல்ல மறந்துவிட்டார். போனை வைத்தபிறகு ஞாபகம் வந்து, போனைப் பார்த்துச் சொன்னார்.

எட்டாம் மாதம் முதல் வாரத்திலிருந்து மாமா வீட்டில் இருக்கிறார். அவர் இப்போது பள்ளம் வைத்துத் திருத்திய துறைமுகத்தில் அக்கா விரலால் தாவுகிறாள், வேண்டுமென்றே விழுகிறாள். விரல்கள் போர்வையில் வந்து விழும். ஒவ்வொரு தடவையும் மாமா நாற்காலியிலிருந்து அரை அங்குலம் எழுந்து உட்காருகிறார். "மறுபடி மொதல்லேருந்து" என்று அவள் விரல்களை இடது ஓரத்தில் கொண்டுபோய் வைக்கிறாள்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை இருந்தது. டாக்டரம்மா மேலே தூக்கி வர முடியாத மிஷினாம். அக்கா இத்தனை மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாகப் படி இறங்கினாள். புதன்கிழமை காலை பதினோரு மணி. பழைய வேலையாக இருந்தால் மாமாவின் போன் இந்நேரம் இழுப்பறையில் இருக்கும். அவர் அக்காவுக்கு இரண்டு படி கீழே, அவள் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்து இறங்கினார். நான் பையோடு மேலே.

"திரும்பி இறங்குங்க. நீங்க விழுந்தா யாரு தூக்குறது?"

"எனக்கு இதெல்லாம் மனப்பாடம். நீ பேசாம வா."

இரண்டாவது மாடிக்குக் கீழே வரும் திருப்பம். அக்கா நின்றாள். அங்கே கம்பத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு உருண்டைப் படம் ஒட்டியிருந்தது. இரண்டே கால், கையில் ஒரு போல்ட்.

"இது யாரு வேலை?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கென்ன தெரியும்? முதல் மாடிப் பசங்களா இருக்கும். துணி காயப் போடற கோஷ்டி."

அக்கா பிடியை விடாமல், மற்ற கையின் இரண்டு விரல்களைக் குழாயின்மேல் நிற்க வைத்தாள். உருண்டைக்குப் பக்கத்தில் ஓர் அடி. இன்னோர் அடி. மாமா குனிந்து, படத்தின் ஓரம் பெயராமல் இருக்க விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டார்.

"இன்னும் முப்பத்தாறு" என்றார்.

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.